ஆள் வராததால்தான் மூடினார்களா?

ஆகஸ்ட் 3, 2025 (ஒரு வாசகர் கேட்டது)

நகரத்தில் மிச்சமிருந்த ஒரே கலைப்பட அரங்கும் இந்த மாதக் கடைசியோடு மூடுகிறது. எல்லாரும் ஒப்பாரி வைக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். ஒப்பாரி வைப்பவர்கள் அங்கே கடைசியாக எப்போது டிக்கெட் வாங்கினீர்கள்? ஆள் வரவில்லை, மூடுகிறார்கள். அந்தப் படங்கள் எல்லாம் இப்போது வீட்டிலேயே கிடைக்கின்றன. இதில் அழ என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 3, இரவு 10.50

"ஆள் வரவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நேற்று சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு நான் போயிருந்தேன். 180 இருக்கை, கிட்டத்தட்ட எல்லாம் நிறைந்துவிட்டது, எனக்குத் தூணுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது, சப்டைட்டிலில் ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு சொல்லைத் தூண் விழுங்கிவிட்டது, மீதியை வைத்து நானே வசனம் எழுதிக்கொண்டு பார்த்தேன். ஆள் வராத அரங்கில் தூணுக்குப் பின்னால் யார் போய் உட்காருவார்கள்?

மூடுவதற்குக் காரணம் கட்டடக்காரர். குத்தகை முடிந்தது, புதுப்பிக்க மாட்டேன் என்றார். இங்கே மட்டும் நடக்கிற கதையும் இல்லை. நியூயார்க்கில் லிங்கன் பிளாசா சினிமாஸ் 2017இல் மூடியபோது அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. 1981 முதல் ஒரு கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் நடந்த இடம், மூடும்போது ஆறு திரை. குத்தகையை நீட்டவில்லை, அதோடு கதை முடிந்தது.

ஆகஸ்ட் 4, காலை 7.15

இரண்டு திருத்தம். லிங்கன் பிளாசா மூடியது 2018 ஜனவரி 28. அதை நடத்திய டான் டால்பாட் இறந்ததுதான் 2017 டிசம்பர் கடைசியில். இரண்டையும் குழப்பிக்கொண்டேன். தன் அரங்கின் கடைசிக் காட்சியை அவர் பார்க்கவில்லை.

இரண்டாவது, சனிக்கிழமைக் கூட்டத்தைச் சாட்சிக்கு இழுத்தது என் தப்பு. மூடப்போகிறோம் என்று பலகை வைத்த பிறகு வந்த கூட்டம் அது. உயிரோடு இருக்கும்போது எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் சாவுக்கு வேன் பிடித்து வந்து இறங்குவது போல. எனக்கு முன்னால் இருந்தவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 4, இரவு 11.30

"வீட்டிலேயே கிடைக்கின்றன" என்பதற்கு வருகிறேன். இதை நானும் நம்பினேன். ஃபிலிம்ஸ்ட்ரக் என்ற இணையப் படச் சேவை 2016 நவம்பரில் அமெரிக்காவில் தொடங்கியது, பழைய படங்களுக்கும் உலகப் படங்களுக்கும் என்றே ஒதுக்கி. 2018 நவம்பர் 29ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருடம். பெரிய இயக்குநர்கள், நடிகர்கள் எல்லாம் நிறுத்தாதீர்கள் என்று எழுதினார்கள். அதில் இருந்தவற்றில் ஒரு பகுதி அடுத்த ஏப்ரலில் தொடங்கிய கிரைட்டீரியன் சேனலில் வந்தது, அதுவும் எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. அப்போதிருந்து நானே "பார்க்க வேண்டியவை" என்று 41 படம் கொண்ட ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். இன்றைக்கு அதில் சட்டப்படி எனக்குக் கிடைப்பவை 9. மீதி எப்படிக் கிடைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், எனக்கும் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், நியூயார்க்கில் 1948 முதல் இருந்த பாரிஸ் தியேட்டர் 2019 ஆகஸ்டில் மூடியது, அதைக் குத்தகைக்கு எடுத்து மறுபடி திறந்தவர்கள் நெட்ஃபிளிக்ஸ்காரர்கள். வீட்டிலேயே பார்க்கலாம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கே தங்கள் படத்தைப் போட ஒரு நல்ல அரங்கு தேவைப்படுகிறது.

ஆகஸ்ட் 6

கேள்வி கேட்டவர் விடவில்லை. "சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், நீங்கள் எத்தனை டிக்கெட் வாங்கினீர்கள்?" சரி. கிழித்துத் தந்த டிக்கெட் துண்டுகளை எல்லாம் ஒரு பழைய தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பரணில் இருக்கிறது. எடுத்து எண்ணிச் சொல்கிறேன். 2011இல் வாரத்துக்கு ஒருமுறையாவது போனேன் என்று ஞாபகம்.

ஆகஸ்ட் 9

டப்பா இன்னும் இறங்கவில்லை. அதற்குள் ஒரு கதை.

படச்சுருள் காலம். இரண்டு மணி நேரப் படம் என்றால் ஆறு ரீல், ஒரு ரீல் ஏறக்குறைய 20 நிமிடம். இரண்டு புரொஜக்டர். ஒன்று முடியப்போகும்போது திரையின் மேல் வலது மூலையில் ஒரு பொட்டு மின்னும், அடுத்த மோட்டாரைத் தட்ட வேண்டும். ஏழெட்டு நொடியில் இரண்டாவது பொட்டு, ஒளியை இதிலிருந்து அதற்கு மாற்ற வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு வருடம் படமே பார்க்க முடியவில்லை, கண் மூலையிலேயே நின்றது. தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த பாவத்தை இப்போது செய்துவிட்டேன்.

ஒரு நாள் ரீல் மூன்றும் நான்கும் மாறிப்போய்விட்டது. பெட்டியில் வரும்போதே தப்பான டப்பாவில் இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. படத்துக்குப் பிறகு கலந்துரையாடல். காலத்தை இயக்குநர் எப்படிக் கலைத்துப்போட்டிருக்கிறார், செத்தவனைப் பத்து நிமிடம் கழித்துச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து ஞாபகம் என்பதையே எப்படிக் காட்டுகிறார் என்று ஒருவர் ஐந்து நிமிடம் பேசினார், கைதட்டல் கூட விழுந்தது. அந்த ஒருவர் நான்தான்.

ஆகஸ்ட் 10

ஆபரேட்டர் அண்ணனிடம் நேற்று ஃபோனில் பேசினேன். மூன்றும் நான்கும் இல்லை, நான்கும் ஐந்தும். இரண்டாவது நிமிடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டதாம், நிறுத்தினால் இன்னும் கேவலம் என்று விட்டுவிட்டாராம். "நீங்க பேசினதக் கேட்டுட்டு மேல கேபின்ல நான் விழுந்து விழுந்து சிரிச்சேன் தம்பி" என்றார். பதினைந்து வருடமாக இதை எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

இருக்கை 180 இல்லை, 164. அதுவும் அவர் சொன்னதுதான்.

ஆகஸ்ட் 11

அண்ணன் சொன்ன மற்றதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் "ஆள் வரவில்லை"க்கும் "கட்டடக்காரர் துரத்தினார்"க்கும் நடுவில் ஒரு பத்து வருடம் இருக்கிறது, அதை நாம் இரண்டு பேரும் தாண்டிக் குதித்துவிட்டோம்.

ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து டிஜிட்டல் திரையிடலுக்கான வரையறையை 2005இல் வெளியிட்டன. 2014 வாக்கில் பெரிய விநியோகஸ்தர்கள் படச்சுருள் தருவதையே கைவிட்டுவந்தார்கள். மாறு, இல்லையென்றால் உனக்குப் படம் இல்லை. பெரிய சங்கிலி அரங்குகளுக்கு மாற்றுச் செலவில் ஒரு பங்கை விநியோகஸ்தர்களே படத்துக்கு இவ்வளவு என்று கட்டணமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அச்சடிக்கும் செலவு அவர்களுக்குத்தானே மிச்சம். வாரத்துக்கு நான்கு வேறு வேறு படம் போடுகிற ஒற்றைத் திரை அரங்குக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. நம் அரங்கு கடன் வாங்கி மாறியது. பழைய புரொஜக்டர் ஐம்பது வருடம் ஓடியது, பல் சக்கரம் தேய்ந்தால் கடைந்து போட்டுக்கொள்ளலாம். புதிதுக்குப் பத்து வருடத்தில் உதிரிபாகம் வருவது நின்றுபோகிறது. கடனும் இயந்திரமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முடிந்தன என்றார்.

அப்புறம் அந்தச் சாவி விவகாரம். படம் இப்போது ஒரு ஹார்ட் டிஸ்கில் பூட்டி வரும். திறக்கும் சாவி தனியாக மெயிலில் வரும். அந்தச் சாவி, படத்தை ஓட்டும் கணினியான அந்த ஒரு சர்வருக்கு மட்டும், அதுவும் இந்தத் தேதி இந்த மணியிலிருந்து அந்தத் தேதி அந்த மணிவரை மட்டும்தான் வேலை செய்யும். ஒருமுறை சர்வர் பழுது, உள்ளே ஒரு மின்சுற்றுப் பலகையை மாற்றினார்கள், சாவி பழைய பலகையின் பெயருக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை. விநியோகஸ்தர் அலுவலகத்தில் யாரும் ஃபோன் எடுக்கவில்லை. அறுபது பேர் உள்ளே உட்கார்ந்திருக்கிறோம், படம் மேலே பெட்டியில் இருக்கிறது, போட முடியவில்லை. படங்களைத் தேர்ந்தெடுக்கிற அக்கா மேடையில் ஏறி, பணத்தைத் திருப்பித் தருகிறோம், இருக்க விரும்புகிறவர்கள் இருக்கலாம் என்றார். பாதிப் பேர் இருந்தோம். முக்கால் மணி நேரம் அந்தப் படத்தின் கதையை அவரே சொன்னார், சில இடங்களில் நடித்துக்கூடக் காட்டினார். பிறகு ஒரு நாள் அதே படத்தைப் பார்த்தேன். அவர் சொன்ன முடிவு இன்னும் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 12

"டிக்கெட் காசு எல்லாம் எங்கே போகிறது?" என்று கேட்டவருக்கு: ஒரு டிக்கெட்டைப் பத்துப் பங்காக வையுங்கள். வரி போக மிச்சத்தில் ஏறக்குறைய பாதி விநியோகஸ்தருக்கு. மீதியில் வாடகை, மின்சாரம், சம்பளம், கடன். பெரிய அரங்குகள் இந்தப் பள்ளத்தைப் பாப்கார்னால் நிரப்புகின்றன. நாம் என்ன செய்தோம்? மூன்று மணி நேரம் யாரும் பேசாத கறுப்பு வெள்ளைப் படத்தில் பக்கத்து இருக்கைக்காரர் எதையாவது கொறித்தால் திரும்பி முறைத்தோம். கொறித்தவர் அரங்குக்கு நம்மைவிட அதிகம் கொடுத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 16, சனி

டப்பா இறங்கிவிட்டது.

2011: 31 துண்டு. வாரத்துக்கு ஒன்று இல்லை, இருந்தாலும் மோசமில்லை.
2015: 26.
2019: 14.
2023: 5.
2024: 3.
இந்த வருடம் இதுவரை 4. அதில் மூன்று, மூடும் பலகை வைத்த பிறகு.

டப்பாவை மூடி மறுபடி பரணில் ஏற்றிவிட்டேன். கேள்வி கேட்டவரே, நீங்கள் சொன்னது சரி. முழுக்கச் சரி இல்லை, ஆனால் என்னைப் பொறுத்தவரை சரி.

ஆகஸ்ட் 16, நள்ளிரவு தாண்டி

தூக்கம் வரவில்லை. ஏன் குறைந்தது என்று யோசித்தேன். பெருந்தொற்றில் பழக்கம் விட்டுப்போனது என்று எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் என் துண்டுகளில் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2017க்குப் பிறகுள்ள துண்டுகள் ஒற்றை ஒற்றையாக இருக்கின்றன. அதற்கு முன்னால் இரட்டை இரட்டையாக. இரண்டாவது டிக்கெட் அம்மாவுடையது.

அரங்கு முதல் மாடியில். 22 படி, நடுவில் ஒரு திருப்பம். லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் போனதும் முதலில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார், பிறகு "நீ போய்ட்டு வந்து கதையச் சொல்லு" என்றார், பிறகு நானும் போகவில்லை. எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை இது. மதியக் காட்சிக்கு வருகிற ஐம்பது பேரில் முப்பது பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அந்தப் படிக்கட்டு வருடத்துக்கு நான்கைந்து பேராக அவர்களைக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறது, யாரும் அதைக் கணக்கு வைக்கவில்லை. ஆள் வரவில்லை என்கிறோம். சிலரால் ஏற முடியவில்லை.

ஆகஸ்ட் 17

"மேட்டுக்குடி இடம், புதிதாகப் போனால் ஏற இறங்கப் பார்ப்பார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மறுக்க மாட்டேன். கலந்துரையாடலில் "எனக்குக் கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று தொடங்கும் ஐந்து பேர் இருந்தார்கள். நான் ஆறாவது.

அம்மா முதல்முறை வந்தபோது பாதிப் படம் தூங்கினார், நான் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் எல்லாரும் ஒளியைப் பற்றியும் மௌனத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, அம்மா எழுந்து, "அந்தப் பொண்ணு கடைசிவரைக்கும் செருப்பே போடலையே, ஏன்?" என்று கேட்டார். அரங்கில் ஒருவரும் கவனிக்கவில்லை. அக்கா மேடையில் ஒரு நிமிடம் பேசாமல் நின்றுவிட்டு, எனக்கும் தெரியவில்லை, அடுத்த வாரம் மறுபடி போடுகிறேன், எல்லாரும் காலைப் பாருங்கள் என்றார். போட்டார். காலையே பார்த்தோம்.

ஒரு செயலியால் இதைச் செய்ய முடியாதா என்று கேட்டால், செய்ய முடியும், நிறுத்தி நிறுத்திக்கூடப் பார்க்கலாம். ஆனால் தூங்கி எழுந்த ஒரு கிழவியின் கேள்விக்காக அடுத்த வாரத்து அட்டவணையை மாற்ற அதற்கு யார் இருக்கிறார்கள்? அதே அக்கா ஒரு இயக்குநரின் படத்தை முதலில் போட்டபோது வந்தது ஏழு பேர். அடுத்த வருடம் அவருடைய இன்னொரு படம், இருபது பேர். மூன்றாவது வருடம் தூணுக்குப் பின்னால் இடம் பிடிக்க வேண்டியதாயிற்று. முதல் வருடத்து ஏழு பேரைப் பார்த்துவிட்டு விடாமல் இருக்க ஒருவர் வேண்டும்.

ஆகஸ்ட் 21

லிஃப்ட் ஏன் வைக்கவில்லை என்று அக்காவிடமே கேட்டேன். நேராகச் சொன்னார்: "வருஷா வருஷம் புதுப்பிக்கிற குத்தகையில எந்தப் பைத்தியக்காரன் லிஃப்ட் வெப்பான்?" முன்பு பத்து வருடக் குத்தகை இருந்தது. அது முடிந்த பிறகு வருடத்துக்கு வருடம். அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாத இடத்தில் லிஃப்டுக்குக் கடன் கேட்டால் எந்த வங்கியும் தராது, மானியம் கேட்டால் எவ்வளவு காலம் இந்த இடம் உங்களிடம் இருக்கும் என்றுதான் முதல் கேள்வி. புரொஜக்டருக்கும் அதே பதில். இருக்கை உறைக்கும் அதே பதில். அதனால் லிஃப்ட் இல்லை, அதனால் அம்மா வரவில்லை, அதனால் நான் வரவில்லை, அதனால் "ஆள் வரவில்லை". நாம் இரண்டு பேரும் ஆகஸ்ட் 3ஆம் தேதி சண்டை போட்டது ஒரே கயிற்றின் இரண்டு முனைக்காக.

லண்டன் பிரின்ஸ் சார்லஸ் சினிமாவில் இந்த வருடத் தொடக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே கூட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. புதிய குத்தகையில், இடித்துக் கட்ட அனுமதி கிடைத்தால் ஆறு மாத நோட்டீஸில் காலி செய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனையைக் கட்டடக்காரர்கள் கேட்டார்கள். ஒரு லட்சம் பேருக்கும் மேல் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். வாடகைக்கு மட்டும் இவ்வளவு கூச்சல் எழுந்திருக்காது. ஆறு மாதம் என்ற சொல்தான் காரணம். ஆறு மாதத்துக்கு மேல் திட்டமிட முடியாத அரங்கு திரைப்பட விழா நடத்த முடியாது, படத்துக்கு முன்பதிவு செய்ய முடியாது.

ஆகஸ்ட் 22

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் ஒரே சொல் போட்டார்: "இவனாமி?" மாட்டிக்கொண்டேன்.

டோக்கியோவின் இவனாமி ஹால். 1968இல் கட்டடத்தைக் கட்டியவர்களே தொடங்கிய அரங்கு. வெளியிலிருந்து துரத்த யாரும் இல்லை. 1974 முதல் உலகப் படங்களை வாரக்கணக்கில் ஓட்டினார்கள், முதலில் போட்டது சத்யஜித் ராயின் அபூர் சன்ஸார். சங்கிலி அரங்குகள் தொடாத படங்களைத் திரையிடும் ஜப்பானின் சின்ன அரங்குகளுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. 54 வருடம் நடத்திவிட்டு 2022 ஜூலை 29ஆம் தேதி மூடினார்கள். பெருந்தொற்றுக்குப் பிறகு நடத்த முடியவில்லை என்றார்கள். அங்கேயும் பார்வையாளர்கள் அரங்கோடு சேர்ந்தே வயதானவர்கள்.

ஆகவே குத்தகை மட்டும் இல்லை. நேற்று "ஒரே கயிறு" என்று எழுதியதில் கொஞ்சம் காற்றைக் குறைத்துப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் அரங்கைப் பொறுத்தவரை நான் அதை மாற்றவில்லை.

இன்னொன்று, குத்தகையும் தொற்றும் இல்லாமலும் சாகலாம். லண்டன் ஸ்காலா, 1993. பிரிட்டனில் திரையிடக் கூடாது என்று இயக்குநரே திரும்பப் பெற்றிருந்த ஒரு படத்தை அனுமதி இல்லாமல் ஓட்டினார்கள், வழக்கு வந்தது, தோற்றார்கள், அந்தச் செலவும் சேர்ந்து அடித்தது. சரி, அங்கேயும் குத்தகை முடியும் நேரம்தான். விடமாட்டேன் நான்.

ஆகஸ்ட் 23

"உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்வோம்" என்று எழுதிய தம்பிக்கு: சிரிக்கவில்லை, அதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். பாரிஸில் லா கிளெஃப். 2018இல் மூடியது. 2019 செப்டம்பரில் ஒரு குழு உள்ளே புகுந்து தினமும் படம் போட்டது, கட்டணம் அவரவர் விருப்பம். 2022 மார்ச் 1ஆம் தேதி காவல்துறை வெளியேற்றியது. விடாமல் பணம் திரட்டி 2024இல் 27 லட்சம் யூரோவுக்குக் கட்டடத்தையே வாங்கிவிட்டார்கள். பெரிய இயக்குநர்கள் பணம் போட்டார்கள்தான், சின்னச் சின்னத் தொகையாகப் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில்.

ஆனால் பிரான்சில் ஓர் அடித்தளம் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அங்கே விற்கிற ஒவ்வொரு டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் ஒரு பொது நிதிக்குப் போகிறது, கார் வெடிக்கிற படத்துக்கு வாங்கின டிக்கெட்டிலும். அதிலிருந்து படம் எடுப்பவர்களுக்கும் சின்ன அரங்குகளுக்கும் உதவி திரும்பி வருகிறது. நமக்கு அது இல்லை, உட்கார்ந்தால் நம்மைத் தூக்கிப் போய்விடுவார்கள், எனக்கு வேறு முதுகு வலி.

ஜப்பானில் 2020இல் இயக்குநர்கள் ஹமகுச்சியும் ஃபுகதாவும் தொடங்கிய நிதியில் 33 கோடி யென் சேர்ந்தது, சின்ன அரங்குகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எடின்பரோ ஃபிலிம்ஹவுஸ் 2022 அக்டோபரில் கடனில் மூழ்கி ஒரே நாளில் மூடியது, மின்சாரச் செலவு ஏறியதும் ஆள் குறைந்ததும் சேர்ந்த அடி. வேலை பார்த்தவர்களில் சிலரும் ஆதரவாளர்களும் சேர்ந்து பணம் திரட்டி, நீண்ட காலக் குத்தகை பேசி, இந்த ஜூன் 27ஆம் தேதி அதே இடத்தில் திறந்துவிட்டார்கள். நீண்ட காலக் குத்தகை. அடிக்கோடு போட வசதி இருந்தால் போட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 31, இரவு

கடைசிக் காட்சி. 164 இருக்கை, படிக்கட்டிலும் ஆள். அம்மாவைக் கூட்டிப்போனேன். ஆபரேட்டர் அண்ணனும் நானும் நாற்காலியோடு தூக்கி ஏற்றினோம், "மெதுவா, மெதுவா" என்று அம்மா திட்டிக்கொண்டே வந்தார். எட்டு வருடமாக இது எனக்குத் தோன்றவில்லை. நாற்காலி இருந்தது, அண்ணன் இருந்தார், என் கையும் இருந்தது.

என்ன படம் என்று எழுதப்போவதில்லை. அம்மா தூங்கவில்லை.

முடிந்ததும் பெயர் ஓடி முடியும்வரை யாரும் எழவில்லை. விளக்கு போட்டதும் சுவரில் இவ்வளவு விரிசல் இருந்ததா என்று பார்த்தேன்.

செப்டம்பர் 14

சாமான் விற்றார்கள். நான் இரண்டு இருக்கை வாங்கினேன், தூணுக்குப் பின்னால் இருந்த ஜோடி. வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

செப்டம்பர் 15

ஒரு சங்கதி, யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை: தியேட்டர் இருக்கை தானாக நிற்காது. பின்னங்கால் என்று ஒன்று கிடையாது, தரையில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பதால்தான் நிற்கிறது. கூடத்தில் கொண்டுவந்து வைத்தேன், உட்கார்ந்தேன், அப்படியே மல்லாந்தேன். அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அக்டோபர் 2

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். அவரும் 2012 வரை அங்கே வந்துகொண்டிருந்தவராம். அந்த நான்கு, ஐந்து ரீல் காட்சியில் கைதட்டியவர்களில் அவரும் ஒருவர். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா மாதம் ஒருமுறை ஒரு பள்ளிக்கூட அரங்கில் படம் போடலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். தரைத்தளமா என்று நான் கேட்டேன். தரைத்தளம்தான் என்றார். திரைப்படச் சங்கம் என்று பதிவு செய்ய முதலில் உறுப்பினர்கள் வேண்டும். விருப்பம் உள்ளவர்கள் கைதூக்குங்கள், "ஒரு கருத்து" சொல்கிறவர்களும் வரலாம்.

அம்மாவின் செருப்புப் படம் என் 9 படப் பட்டியலில் இருப்பது நேற்றுத்தான் கண்ணில் பட்டது. வீட்டில் போட்டோம். திருத்தம்: அந்தப் பெண் ஒரே ஒரு காட்சியில் செருப்புப் போட்டிருக்கிறாள். ஆற்றங்கரையில், இரண்டு நொடி, அதுவும் அவளுடையது மாதிரி இல்லை, பெரிதாக இருக்கிறது. அன்றைக்கு அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் இதைக் கோட்டை விட்டிருக்கிறோம். யாருடைய செருப்பு என்று அம்மா கேட்கிறார்.

இருக்கை இன்னும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வாடகை வீடு, தரையில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். தடித்த பலகை ஒன்றில் இரண்டையும் சேர்த்து போல்ட் போட்டால் தாங்குமா, பலகை பின்பக்கம் எவ்வளவு நீண்டிருக்க வேண்டும், யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள். என் எடை 78.